ஈப்போவில் எங்கே சாப்பிடலாம்? குழம்பு ஊற்றுமுன் சொல்லிவிடுங்கள்

ஈப்போ, பேராக்: சுங்கை சிப்புட், பத்து காஜா, தஞ்சோங் ரம்புத்தான் பக்கமிருந்து ஈப்போவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் ஊர் சுற்றிப் பார்ப்பதற்கென்று வருவது குறைவு. பெரிய மருத்துவமனையில் கிளினிக் இருக்கும், தீபாவளித் துணி எடுக்க வேண்டியிருக்கும், தைப்பூசத்திற்குக் கல்லுமலைக்கு வருவார்கள். வேலை முடிந்து மதியம் ஆனதும் எங்கே சாப்பிடுவது என்ற கேள்வி வந்துவிடும்.

ஆசியாவில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில் 'லோன்லி பிளானட்' நிறுவனம் 2016-இல் ஈப்போவுக்கு ஆறாம் இடம் கொடுத்தது. சுற்றுப்பயணிகள் அதைப் படித்துவிட்டு வருகிறார்கள். எது ருசி என்று அப்படிப்பட்ட கையேடுகள் சொல்லும். சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை சைவம் இருப்பவருக்கும், மாட்டிறைச்சி தொடாதவருக்கும், ஹலால் பார்க்கும் தமிழ் முஸ்லிமுக்கும் அதுதான் முதலில் தெரிய வேண்டும்.

நாசி கண்டாரிலிருந்து தொடங்கலாம். 'கண்டார்' என்றால் தோளில் கம்பு வைத்து இரு பக்கமும் சுமை தூக்குவது, நம் காவடியைப் போல. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோற்றையும் குழம்பையும் அப்படித்தான் தூக்கிச் சென்று விற்றார்கள். ஈப்போ பாடாங் எதிரே, ஜாலான் துன் சம்பந்தனில் 1956 முதல் இருக்கும் கடையை எல்லாரும் 'நாசி வாங்கே' என்கிறார்கள். வருகிறவர்களைக் கடைக்காரர் "வாங்க, வாங்க" என்று கூப்பிட்டதே மலாய்க்காரர் வாயில் 'வாங்கே' ஆனதாகச் சொல்வார்கள். இன்று மலாய்க்காரரும் சீனரும் தமிழ்ச் சொல் என்று தெரியாமலேயே அந்தப் பெயரைச் சொல்லிச் சாப்பிடப் போகிறார்கள்.

ஜாலான் யாங் கல்சோமில் 'யோங் சுவான்' என்ற சீனக் கோப்பிக்கடைக்குள் விற்கும் நாசி கண்டாருக்கு 'நாசி கஞ்சா' என்ற பட்டப்பெயர் உண்டு. கஞ்சா எதுவும் கிடையாது. ஒருமுறை சாப்பிட்டவர் மறுபடி தேடி வருவார் என்ற கிண்டல்தான். சிவப்புக் கோழி, உப்பு முட்டை, தேங்காய்த் துவையல், வெள்ளரிக்காய் என்று தட்டு வரும்.

இவ்வகைக் கடைகளில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 'பஞ்சிர்' என்று கேட்டால் நான்கைந்து குழம்புகளைக் கலந்து சோறு மூழ்க ஊற்றுவார்கள். அதில் மாட்டிறைச்சிக் குழம்பும் சேரலாம். கோழிதான் கேட்டோம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுவோர் நிறையப் பேர். தட்டு கைக்கு வந்தபின் சொல்லிப் பயனில்லை. சோறு போடும்போதே "மாட்டுக் குழம்பு வேண்டாம்" என்றோ, மலாயில் "குவா டாகிங் ஜாங்ஙான்" என்றோ சொல்லிவிட வேண்டும். கேட்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கடைக்காரர்கள் தினமும் கேட்கிற பேச்சுத்தான் இது.

அடுத்தது குவே தியாவ். ஈப்போவின் பெயரைச் சொல்லும் சூப் குவே தியாவுக்குக் கோழி எலும்பும் இறால் ஓடும் போட்டுத்தான் சாறு எடுப்பார்கள். "கோழி போடாதே" என்று சொன்னாலும் அது சைவம் ஆகாது. சீனக் கடைக் கறி மீயில் பன்றி இறைச்சி இருப்பது இங்கே சாதாரணம். புரட்டாசியில் சீனர்களின் சைவக் கடைகள் கைகொடுக்கும். ஆனால் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அவர்களும் சைவம் இருப்பதால் அங்கே கூட்டம் நெரியும். அன்று சீக்கிரம் போய்விடுவது நல்லது.

வெள்ளைக் கோப்பியைப் பற்றிப் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. கோப்பிக் கொட்டை வெள்ளையாக இருக்காது. கறுப்புக் கோப்பிக்கு மார்ஜரினோடு சீனியும் சேர்த்து வறுப்பார்கள். வெள்ளைக் கோப்பிக்குச் சீனி இல்லாமல் மார்ஜரினில் மட்டும் வறுப்பதால் நிறமும் கசப்பும் குறைவு. ஆனால் கோப்பையில் இனிப்புப் பால் தாராளமாக விழும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் பெரியவர்களுள் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் சராசரி 18.3 விழுக்காடு. கிளினிக்கில் இரத்தம் எடுத்துவிட்டு நேராகக் கோப்பிக்கடைக்குப் போகிறவர்கள் 'கோப்பி சி கோசோங்' என்று கேட்கலாம். சீனி போடாமல், இனிப்பில்லாத பால் ஊற்றித் தருவார்கள்.

வாழை இலைச் சாப்பாட்டுக்கு ஜாலான் லாஹாட் பக்கம் லிட்டில் இந்தியாவே போதும். சோறும் காய்கறியும் கேட்டால் மறுபடி வைப்பார்கள், பெரட்டலுக்கும் மீனுக்கும் தனிக் காசு. அங்கே சாம்பார் சில கடைகளில் வீட்டுச் சாம்பார் மாதிரி இல்லை என்று பெரியவர்கள் குறைப்படுவது உண்டு. சமைப்பவர் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவராக இருப்பார். அவர் கைப்பக்குவம் அவர் ஊருடையது. 2018 ஜூனில், அப்போது மனிதவள அமைச்சராக இருந்த ஈப்போ பாராட் நாடாளுமன்ற உறுப்பினர் மு. குலசேகரன், 2019 ஜனவரி 1 முதல் உணவகங்கள் உள்ளூர்ச் சமையல்காரர்களையே வைக்க வேண்டும் என்று அறிவித்தார். ஆள் கிடைக்காது என்று உணவக உரிமையாளர்கள் எதிர்க்கவே, திட்டம் நடப்புக்கு வரவில்லை. உரிமையாளர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. நாள் முழுவதும் அடுப்படியில் நிற்கும் வேலைக்கு நம் பிள்ளைகள் வருவதில்லை.

தோட்டத்துக் கைமணம் வேண்டுமென்றால் புந்தோங்கிற்குப் போக வேண்டும். தோட்டத் துண்டாடலிலும், பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும் வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களில்தான் வந்து தங்கின. நெத்திலிச் சம்பலும் கருவாட்டுக் குழம்பும் அவர்களோடு வந்தவை.

புந்தோங்கிற்கு இன்னொரு பெயரும் இருக்கிறது, கம்போங் கச்சாங் பூத்தே. பாரதி பிறந்த எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் இங்கே கடலையும் பட்டாணியும் முறுக்கும் போட்டு, தலையில் தட்டோடும் பின்னர் சைக்கிளிலும் விற்றார்கள். இன்று பல மாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் பை பையாக வாங்கிச் செல்கிறார்கள். இங்கேயும் அடுத்த தலைமுறையைப் பற்றிய கவலை உண்டு. கொதிக்கும் எண்ணெய் முன் நிற்கும் வேலையை, படித்த பிள்ளைகளிடம் ஒப்படைக்கப் பெற்றோரே தயங்குகிறார்கள்.

இரயிலில் திரும்புகிறவர்களுக்கு நிலையத்திலிருந்து புந்தோங் தூரமில்லை. கிரேப்பில் போய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.