நன்கொடைக்காக ஊதியப் பிடித்தம்: மறுக்கும் உரிமை ஊழியருக்கு உண்டா?

புதுதில்லி: வெள்ளம், நிலச்சரிவு, பெருந்தொற்று எனப் பேரிடர் நேரிடும்போதெல்லாம் அரசு அலுவலகங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் 'ஒரு நாள் ஊதியம்' கோரும் சுற்றறிக்கைகள் வெளியாகின்றன. விருப்பத்துடன் அளிப்போர் பலர். அதேவேளையில், வீட்டுக் கடன் தவணையும் பிள்ளைகளின் கல்விக் கட்டணமும் நெருக்கும் நிலையில், மேலதிகாரியின் அதிருப்திக்கு அஞ்சி மௌனமாக இருந்துவிடுவோரும் உள்ளனர். அந்த மௌனத்தைச் சம்மதமாகக் கொண்டு ஊதியத்தில் பிடித்தம் செய்யலாமா? இது குறித்துச் சட்டமும் நீதிமன்றங்களும் கூறுவதைக் காண்போம்.

கேரளத்தில் எழுந்த வழக்கு

கடந்த 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கேரளத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுசீரமைப்புக்குச் சுமார் ரூ.31,000 கோடி தேவைப்படும் என மதிப்பிடப்பட்டது. மக்கள் ஒரு மாத ஊதியத்தை நிவாரணமாக வழங்க முன்வர வேண்டும் என்றும், மாதம் 3 நாள் ஊதியம் வீதம் 10 மாதங்களில் அதனைச் செலுத்தலாம் என்றும் முதல்வர் பினராயி விஜயன் வேண்டுகோள் விடுத்தார்.

அதனைத் தொடர்ந்து செப்டம்பர் மாதம் அரசு ஊழியர்களுக்காகப் பிறப்பிக்கப்பட்ட அரசாணையே சர்ச்சைக்கு உள்ளானது. ஒரு மாத ஊதியத்தை அளிக்க விரும்பாதவர்கள் தங்களது மறுப்பை எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று அதில் கூறப்பட்டிருந்தது. மறுப்புக் கடிதம் அளிக்காதவர்கள் அனைவரும் சம்மதித்தவர்களாகக் கருதப்படுவர் என்பதே இதன் பொருள்.

மறுப்புக் கடிதங்கள் சேரச் சேர, 'நாடு துயரில் இருக்கும்போது கொடுக்க மறுத்தவர்கள்' என்ற பட்டியலொன்று அலுவலகக் கோப்பில் தானாகவே உருவாகிவிடும். பணியிட மாற்றம், பதவி உயர்வு ஆகியவற்றில் அப்பட்டியல் எவ்வாறு பயன்படுத்தப்படுமோ என்ற அச்சம் ஊழியர்களிடையே எழுந்தது.

ஊழியர் சங்கம் ஒன்று தொடர்ந்த வழக்கில், மறுப்பைத் தெரிவிக்குமாறு கட்டாயப்படுத்தும் பிரிவுக்குக் கேரள உயர்நீதிமன்றம் அக்டோபர் மாதம் இடைக்காலத் தடை விதித்தது. இதனை எதிர்த்து மாநில அரசு தாக்கல் செய்த மனுவை அக்டோபர் 29-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நன்கொடை அளிக்க இயலாத ஒருவர் அதனை எழுதிக் கொடுத்துத் தன்னை ஏன் சிறுமைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று விசாரணையின்போது நீதிபதிகள் வினவினர். நிதி திரட்டுவதற்கு நீதிமன்றம் தடை விதிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. விருப்பமுள்ளவர்கள் தங்களது விருப்பத்தைத் தெரிவிக்க எந்தத் தடையும் இல்லை.

மத்திய அரசிலும் அதே கேள்வி

கரோனா பெருந்தொற்றின்போது இதே கேள்வி மீண்டும் எழுந்தது. 2020-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் 'பிஎம் கேர்ஸ்' நிதியம் தொடங்கப்பட்டது. ஏப்ரல் 17-ஆம் தேதி மத்திய நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 2021 மார்ச் வரை ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் ஊதியத்தை அந்நிதியத்துக்கு வழங்குமாறு அதிகாரிகளும் ஊழியர்களும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். ஆட்சேபம் உள்ளவர்கள் அதனைத் தங்களது ஊழியர் எண்ணுடன் சில நாள்களுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறப்பட்டது.

விமர்சனங்கள் எழுந்த நிலையில், அம்மாத இறுதியிலேயே சுற்றறிக்கை திருத்தப்பட்டது. விருப்பமுள்ளவர்கள் மட்டும் தங்களது சம்மதத்தைத் தெரிவித்தால் போதும் என நடைமுறை மாற்றப்பட்டது.

கேட்கப்பட்ட நிதியும் தொகையும் அப்படியே இருந்தன. கடிதம் எழுத வேண்டிய பொறுப்பு மட்டும் மறுப்பவரிடமிருந்து கொடுப்பவருக்கு மாறியது. ஊழியரைப் பொருத்தவரை அந்த ஒரு மாற்றமே முழு மாற்றமாகும்.

தொகை எவ்வளவு?

'ஒரு நாள் ஊதியம்' என்பது கேட்பதற்குச் சிறியதாகத் தோன்றலாம். மாதம் ரூ.40,000 ஊதியம் பெறும் ஒருவரை உதாரணமாகக் கொண்டால், ஒரு நாள் ஊதியம் சுமார் ரூ.1,333 ஆகும். ஓராண்டு முழுவதும் மாதந்தோறும் அதனைப் பிடித்தால் மொத்தத் தொகை ஏறத்தாழ ரூ.16,000. ஒரு மாத ஊதியத்தைப் பத்துத் தவணைகளாகப் பிடித்தால் ஒவ்வொரு மாதமும் ரூ.4,000 குறையும். குறைந்த ஊதியம் பெறுவோரின் குடும்பத்தில் இது மளிகைச் செலவுக்கும் மருந்துச் செலவுக்கும் உரிய தொகையாகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளரின் ஊதியத்தில் எந்தெந்தக் காரணங்களுக்காகப் பிடித்தம் செய்யலாம் என்பதை 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் பட்டியலிட்டிருந்தது. அதற்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்ட 2019-ஆம் ஆண்டின் ஊதியங்கள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கோ, மத்திய அரசு அறிவிக்கை செய்யும் பிற நிதிக்கோ நன்கொடை பிடித்தம் செய்ய ஊழியரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் தேவை என்று இரண்டு சட்டங்களுமே கூறுகின்றன. மௌனம் எழுத்துபூர்வமான ஒப்புதல் ஆகாது.

பட்டியலில் இடம்பெறாத காரணத்துக்காக ஊதியத்தைப் பிடிக்க வேலை அளிப்பவருக்கு அதிகாரமில்லை. நிறுவன உரிமையாளர் நடத்தும் அறக்கட்டளைக்கான பொது நன்கொடை அப்பட்டியலில் தனி இனமாக இடம்பெறவில்லை. அத்தகைய அறக்கட்டளைக்கு உதவ விரும்பும் ஊழியர், முழு ஊதியத்தையும் பெற்றுக்கொண்டு, தமது கையாலேயே வழங்கலாம். அனைத்துப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் உள்ளது.

பழைய சட்டத்தின் பாதுகாப்பு மாதம் ரூ.24,000 வரை ஊதியம் பெறுவோருக்கு மட்டுமே கிடைத்தது. புதிய சட்டத்தில் இந்த உச்சவரம்பு இல்லை. எனினும், பிடித்தம் தொடர்பான அத்தியாயம் அரசு நிறுவனங்களுக்குத் தானாகப் பொருந்தாது. ஆகவே, அரசு ஊழியர்கள் அரசமைப்புச் சட்டத்தின் துணையுடன் நீதிமன்றத்தை நாட வேண்டியுள்ளது. கேரள ஊழியர்கள் சென்றதும் அவ்வழியேதான்.

ஒத்திவைப்பு வேறு, நன்கொடை வேறு

ஊதியத்தின் ஒரு பகுதியைப் பின்னர் தருவதாகக் கூறி நிறுத்திவைப்பது நன்கொடையிலிருந்து வேறுபட்டது. 2020-இல் கேரள அரசு 5 மாதங்களுக்கு, மாதம் 6 நாள் ஊதியத்தை ஒத்திவைக்க உத்தரவிட்டது. சட்டத்தின் பின்புலம் இல்லை எனக் கூறி உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்ததையடுத்து, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆந்திர அரசு ஒத்திவைத்த ஊதியத்துக்கு 6 சதவீத வட்டி வழங்குமாறு 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உழைத்துப் பெற்ற ஊதியம் ஊழியரின் உரிமை என்பதே இவ்வழக்குகளின் அடிப்படை.

தனியார் நிறுவனங்களில் நெருக்கடி

தனியார் நிறுவனங்களில் அழுத்தம் பெரும்பாலும் உத்தரவு வடிவில் வருவதில்லை. ஒவ்வொரு பிரிவுக்கும் வசூல் இலக்கு நிர்ணயிப்பது, கொடுத்தவர்களின் பெயர்களை வாட்ஸ்ஆப் குழுவில் பாராட்டுவது, 'நம் பிரிவில் நூறு சதவீதப் பங்கேற்பு' என மேலாளர் வலியுறுத்துவது ஆகியவை ஆணையைவிட வலுவாகச் செயல்படக்கூடியவை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்ற கவலையில் உள்ள தற்காலிகப் பணியாளர் 'முடியாது' என்று கூறுவது எளிதன்று.

குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிகர மதிப்பு, விற்றுமுதல் அல்லது லாபம் கொண்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புணர்வுப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. அந்தக் கடமை நிறுவனத்துக்குரியது. ஊழியரின் சட்டைப் பையிலிருந்து அதனை நிறைவேற்ற முடியாது.

ஊழியர் செய்யக்கூடியவை

* சுற்றறிக்கையை முழுமையாகப் படித்து, விருப்பத்தைத் தெரிவிக்கக் கோருகிறதா, மறுப்பைத் தெரிவிக்கக் கோருகிறதா என்பதைக் கவனிக்க வேண்டும்.

* வாய்மொழியாகக் கேட்கப்பட்டால், எந்த நிதிக்கு, எவ்வளவு, எத்தனை மாதங்களுக்கு என்பதை எழுத்தில் தருமாறு கோரலாம்.

* ஒப்புதலின்றிப் பிடித்தம் நடந்திருந்தால், ஊதியச் சீட்டின் நகலுடன் நிர்வாகத்திடம் மின்னஞ்சலில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். தீர்வு கிடைக்காவிடில் தொழிலாளர் துறையை அணுகலாம். சட்டவிரோதப் பிடித்தம் குறித்து 3 ஆண்டுகளுக்குள் கோரிக்கை மனு தாக்கல் செய்யப் புதிய சட்டம் வகைசெய்கிறது.

* விரும்பி அளித்தவர்கள், பிரதமர் மற்றும் முதல்வர் நிவாரண நிதிகளுக்கான நன்கொடைக்குப் பழைய வரி விதிப்பு முறையில் முழு வரி விலக்குக் கோர முடியும். புதிய முறையில் இச்சலுகை இல்லை. நிறுவனம் வழியாக அளித்த தொகை வரிப் பிடித்தச் சான்றிதழில் இடம்பெற்றுள்ளதா எனச் சரிபார்ப்பது நல்லது.

வயநாட்டில் மாறிய நடைமுறை

2024 ஜூலை 30-ஆம் தேதி வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது, கேரள அரசு மீண்டும் ஊழியர்களின் உதவியை நாடியது. இம்முறை குறைந்தது 5 நாள் ஊதியம் கோரப்பட்டது. விருப்பமுள்ளவர்கள் சம்மதக் கடிதம் அளித்தால் மட்டுமே பிடித்தம் செய்யப்படும் என்ற நடைமுறை பின்பற்றப்பட்டது. குறைந்தபட்ச அளவை அரசே நிர்ணயிப்பது ஏன், இயன்றதைக் கொடுக்க விடலாகாதா என எதிர்க்கட்சி சார்ந்த சங்கங்கள் அப்போதும் கேள்வி எழுப்பின. விவாதம் முற்றுப்பெறவில்லை. ஆயினும், 2018-இல் மறுப்பவர் எழுத வேண்டியிருந்த கடிதத்தை 2024-இல் கொடுப்பவர் எழுதினார். அடுத்த சுற்றறிக்கை எந்த அலுவலகத்திலிருந்து வந்தாலும், ஊழியர் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் கடிதத்தை யார் எழுத வேண்டும் என்பதைத்தான்.