நெய்வேலியில் ஒரு நீர்க்கரை

ஏரிக்கரைப் பூங்கா என்றதும் ஜப்பானை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் நம்மில் உண்டு. டோக்கியோவில் 1873-ஆம் வருஷம் பொது ஜனங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட உயேனோ பூங்காவும், அதிலுள்ள ஷினோபாஸு குளத்துத் தாமரைகளும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் கடலூர் ஜில்லாவில், பூமியைத் தோண்டி நிலக்கரி எடுத்து, மீண்டும் மண் நிரப்பிய இடத்தில் மரங்களும் புல்வெளியும் படகு விடும் நீர்நிலையும் உண்டாகியிருப்பதை எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

நெய்வேலியின் கதையே தண்ணீரில் தொடங்குவது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோதுதான் தண்ணீரோடு கறுப்பு வஸ்து ஒன்று வெளிப்பட்டது. 1956-இல் நிறுவனம் ஸ்தாபிதமாயிற்று. 1957-ஆம் வருஷம் மே மாதம் பண்டித நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தென்பட 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தாமதத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நிலக்கரிப் படுகைக்கு மேலே கெட்டியான மணற்கல். கீழேயோ பெரும் அழுத்தத்தோடு மேல் நோக்கி முட்டும் ஊற்று நீர். மண்ணை அகற்றி மேல் பாரம் குறைந்தவுடன், அந்த நீர் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு வந்துவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் இறக்கி, இரவு பகல் ஓய்வின்றி இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு நாள் நிறுத்தவும் துணிவதில்லை. இறைத்த நீரில் ஒரு பகுதி மின்சார நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் பயன்படுகிறது. மற்றொரு பகுதி வாய்க்கால் வழியே வாலாஜா ஏரிக்குச் சென்று வயல்களில் பாய்கிறது. சுரங்கம் கக்கிய நீரில் நெல் விளைகிறது என்றால் நம்புவதற்குச் சற்றுக் கஷ்டம்தான்!

வெட்டி எடுத்த மேல்மண் வெறும் மணலும் களியும். அதில் பசும்புல் முளைக்கச் செய்வது லேசான காரியம் அல்ல. எருவிட்டு, பசுந்தாள் உரமிட்டு, முதலில் வறட்சி தாங்கும் மரங்களை நட்டு, பல வருஷம் பொறுத்த பின்பே அந்நிலம் நிழல் தருகிறது. ஜெர்மனி தேசத்தில் லுசேஷியாப் பிரதேசத்தார் வேறு வழி கண்டார்கள்: ஸென்ஃப்டன்பர்க் ஊரில் பழைய நிலக்கரிக் குழியையே நீரால் நிரப்பி, 1973-இல் குளிப்பதற்குத் திறந்துவிட்டார்கள்.

படகில் ஏறி உட்கார்ந்த குழந்தைகளின் கூச்சல் காதுக்கு இனிமையாகவே இருக்கிறது. எனினும் சுரங்கம் விரிந்த இடத்திலெல்லாம் முன்பு கிராமங்கள் இருந்தன. அவற்றுக்கும் குளமும் அரசமரத்தடியும் இருந்தன. முன்னாளில் தானாகப் பொங்கிய ஊற்றுக் கிணறுகள் வற்றிவிட்டன என்று சுற்றுவட்டாரக் குடியானவர்கள் முறையிடுகிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின்மீது இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. இன்னும் சில வாரம் பொறுத்திருந்தால் அந்த நெல் களத்துக்கு வந்திருக்கும். பூங்காவை மெச்சுகிற நாம், நிலத்தைக் கொடுத்தவர்களுக்குப் படகில் முதல் இடம் கிடைத்ததா என்றும், அவர்கள் பிள்ளைகளுக்கு அங்கே வேலை கிடைத்ததா என்றும் கேட்க வேண்டாமா?

போகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் போவது நலம். நெய்வேலி வெயில் கொஞ்சம் பொல்லாதது.