பிடித்தவர் பெயர் மட்டும்

கிழக்குத் தாம்பரத்து மைதானமொன்றில், ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்ட ஒரு கிரிக்கெட் பந்தயத்தை, எல்லைக்கோட்டுக்கு அப்பால் வேப்பமர நிழலில் மேசை போட்டு அமர்ந்திருந்த ஸ்கோரரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுழற்பந்து வீசிய இளைஞனின் மூன்றாவது ஓவரில், மட்டையின் விளிம்பில் பட்ட பந்து முதல் ஸ்லிப்பில் நின்றவர் கைக்குள் போய், சுடுகின்ற வஸ்துவைத் தொட்டாற்போல அவர் கையை உதற, புல்லில் விழுந்தது. ஸ்கோரர் தம் புத்தகத்தில் ஒரு புள்ளி வைத்தார், அவ்வளவுதான். பிழைத்த மட்டையாளர் அதன்பின் அடித்த நாற்பத்துச் சொச்சம் ஓட்டங்களில் பெரும்பகுதி, அந்த இளைஞனின் கணக்கிலேயே ஏறிற்று.

ஒரு பந்துவீச்சாளரின் ஆயுட்காலப் புள்ளிவிவரம் என்று நாம் பத்திரிகைகளில் பார்ப்பது, இத்தகைய புள்ளிகளும் கோடுகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்து திரண்ட தொகையே ஆகும். அதைப் படிக்கத் தெரிந்துகொள்ள, தாம்பரம் மின்சார ரயில் பாதையிலேயே உள்ள மேற்கு மாம்பலத்தில் வளர்ந்து, பழைய மகாபலிபுரம் சாலையில் காலவாக்கத்தில் இருக்கும் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் படித்த இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் ரவிச்சந்திரன் அஸ்வினைவிடச் சிறந்த உதாரணம் நமக்கு வேண்டியதில்லை. 2011 நவம்பரில் டில்லியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகத் தொடங்கி, 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஓய்வை அறிவித்தது வரை, அவர் 106 டெஸ்ட் பந்தயங்களில் 27,246 பந்துகள் வீசி, 12,891 ஓட்டங்கள் கொடுத்து, 537 விக்கெட்டுகள் வீழ்த்தினார். கொடுத்த ஓட்டங்களை விக்கெட்டுகளால் வகுத்தால் வருவது சராசரி: 24. வீசிய பந்துகளை அவ்வாறே வகுத்தால் வருவது ஸ்ட்ரைக் ரேட்: ஏறக்குறைய 51, அதாவது எட்டரை ஓவருக்கு ஒரு முறை ஒருவர் தலை குனிந்து பெவிலியனுக்குத் திரும்பினார் என்று பொருள். ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்பது எக்கானமி. அது மூன்றுக்கும் குறைவு. கணக்கு இவ்வளவு சுலபமானதுதான். அந்த 12,891 ஓட்டங்களில் எவையெல்லாம் உண்மையில் அவருடைய குற்றம் என்பதுதான் சுலபமாக விளங்காத சங்கதி.

கிரிக்கெட்டின் கணக்குப்பிள்ளை இவ்விஷயத்தில் விசித்திரமான நீதிமானாக இருக்கிறார். மட்டையில் படாமல் ஓடிய பையையும் லெக்பையையும் பந்துவீச்சாளர் தலையில் அவர் கட்டுவதில்லை. ரன் அவுட்டின் புகழையும் அவருக்குத் தருவதில்லை. வைடும் நோபாலுங்கூட 1980களின் நடுப்பகுதி வரை அவர் பற்றில் எழுதப்படவில்லை. இவ்வளவு நுணுக்கம் பார்க்கிறவர், கைநழுவிய காட்சுக்கு மாத்திரம் கண்ணை மூடிக்கொள்கிறார்.

இதே கேள்வியை வேறொரு விளையாட்டு வேறுவிதமாகத் தீர்த்துக்கொண்டது. அதைத் தீர்த்தவர் கிரிக்கெட்டிலிருந்து போனவர் என்பது எனக்கு மிகவும் ருசிகரமாகப்படுகிறது. 1824-இல் இங்கிலாந்தின் எக்ஸிடரில் பிறந்து, பாலியத்திலேயே அமெரிக்காவுக்குக் குடியேறிய ஹென்றி சாட்விக் என்பவர், நியூயார்க் பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதிப் பிழைத்தவர். பிறகு பேஸ்பாலில் மோகங்கொண்டு, கிரிக்கெட் ஸ்கோர் அட்டையின் சாயலிலேயே அந்த விளையாட்டுக்கும் ஓர் அட்டவணையை உருவாக்கிக் கொடுத்தார். அங்கே பந்து வீசுகிறவருக்குப் பிட்சர் என்று பெயர். அவர் விட்டுக்கொடுத்த ஓட்டங்களைப் பதிவாளர் இரண்டாகப் பிரிக்கிறார். எதிரி தன் ஆட்டத்தால் சம்பாதித்தவை ஒரு பக்கம். களத்தில் நின்றவர்களின் பிழையால் தானமாகக் கிடைத்தவை மறுபக்கம். சம்பாதித்த ஓட்டங்களை மட்டும் கணக்கிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை என்று சொல்வதே பிட்சரின் தலையாய எண். 1912-இல் நேஷனல் லீக் அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. மைதானத்தின் பெரும்பலகையிலேயே ஓட்டம், அடி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் பிழை என்றொரு பத்தியும் எல்லோரும் பார்க்கத் தொங்குகிறது.

ஆனால் அதே பேஸ்பால் வேறோர் அநியாயத்தைச் செய்கிறது. குழு முழுவதின் வெற்றியையும் தோல்வியையும் ஒரே பிட்சரின் பெயரில் எழுதிவிடுகிறது. 511 வெற்றிகளோடு சரித்திரத்தில் முதலிடம் வகிக்கும் சை யங் என்பவரே தோல்விக் கணக்கிலும் முதலிடம் வகிக்கிறார். நோலன் ரயான் 5,714 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி அசகாய சூரராக விளங்கியும், அவர் பெயருக்கு நேரே 324 வெற்றிகளும் 292 தோல்விகளும் நிற்கின்றன. தம் பக்கத்து மட்டையாளர்கள் ஓட்டமே எடுக்காத நாளுக்கும் அவர்தான் ஜவாப்தாரி.

மீண்டும் அஸ்வினிடம் வருவோம். 24 என்ற அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்த்தால், உள்நாட்டில் ஆடிய 65 பந்தயங்களில் 383 விக்கெட்டுகள் 22-க்கும் குறைவான சராசரியில் வந்திருக்க, வெளிநாடுகளில் ஆடிய 40 பந்தயங்களில் கிடைத்த 150 விக்கெட்டுகளின் சராசரி முப்பதைத் தாண்டிவிடுகிறது. பாக்கி ஒன்று, 2021-இல் சவுத்தாம்ப்டனில் நடந்த உலக டெஸ்ட் இறுதியாட்டம், அங்கே நான்கு. சொந்த மண்ணின் தூசியில் எடுத்த விக்கெட்டுகள் என்று சிலர் இதை எள்ளிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அதே தூசியில் எத்தனையோ பேர் வீசியும் அவரைப் போல் எடுக்கவில்லை என்பதுதான் என் அபிப்பிராயம். மேலும் அந்த 537-இல் ஏறக்குறைய சரிபாதி, 268 பேர், இடக்கை ஆட்டக்காரர்கள். வேறெந்தப் பந்துவீச்சாளரும் இத்தனை இடக்கைக்காரர்களை வீழ்த்தியதில்லை. இந்த ஒரு எண், சராசரி சொல்லாத சூட்சுமத்தைச் சொல்கிறது: அவர் ஆள் பார்த்து வீசினார். விரலைச் சொடுக்கி வீசும் அந்தப் பிரசித்தி பெற்ற கேரம் பால், சென்னைத் தெருக்களில் டென்னிஸ் பந்தோடு ஆடுகிற பிள்ளைகளுக்குச் சொடுக்கு பந்து என்ற பெயரில் முன்பே பரிச்சயமானது.

அவருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட ஒருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்த எஸ். வெங்கடராகவன், 1965 முதல் 1983 வரை 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள் எடுத்தார். சராசரி 36-ஐச் சற்றே கடந்தது. (அஸ்வின் ஒருநாள் பந்தயங்களில் எடுத்த மொத்தமும் தற்செயலாக அதே 156.) எண்ணை மட்டும் பார்க்கிறவர், இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்று சொல்லிவிடுவார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்ற சுழற்பந்துக்காரர் மூவரோடு ஓர் இடத்துக்குப் போட்டியிட்டு, பல நாள் வெளியே உட்கார்ந்திருந்தவர் வெங்கட் என்பதை அந்த எண் அறியாது. உள்ளே இருந்த நாட்களில் மட்டையருகே நின்று அவர் பிடித்த காட்சுகளையும் சேர்த்து, அவர் கணக்கில் 44 காட்சுகள் இருக்கின்றன. அவர்களோடு ஆடிய ஏக்நாத் சோல்கரோ 27 டெஸ்டுகளிலேயே 53 பிடித்தார். அவற்றில் கணிசமானவை அந்தச் சுழற்பந்துக்காரர்களின் சராசரிக்குள் கரைந்து கிடக்கின்றன. இன்னார் பிடிக்க, இன்னார் வீச என்று அட்டையில் பிடித்தவர் பெயர் ஏறும். விட்டவர் பெயருக்கு அதில் இடமே கிடையாது. இன்று கணினி வைத்துப் பந்துக்குப் பந்து குறிக்கிறவர்கள் விட்டதையும் குறித்துக்கொள்கிறார்கள் என்றாலும், அட்டை பழைய அட்டையாகவே இருக்கிறது.

தாம்பரத்தில் மதிய இடைவேளைக்கு ஆட்டக்காரர்கள் திரும்பியபோது, அந்த இளைஞன் நேரே மேசைக்கு வந்து, புத்தகத்துக்குள் தலையை நீட்டி, “அண்ணா, எனக்கு எவ்வளவு?” என்றான்.

“பத்து ஓவர், அம்பத்திரண்டு, ஒண்ணு.”

“ரெண்டு வந்திருக்கணும்.”

ஸ்கோரர் பென்சிலைச் சீவிக்கொண்டே நிமிர்ந்து, சற்றுத் தள்ளிக் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்துக்கொண்டிருந்த ஸ்லிப்காரரைப் பார்த்தார். அவர் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.