விமானம் ஏறுமுன் பாங்கிக்குப் போங்கள்!

அக்கரைச் சீமைக்கு வேலைக்குப் போகிற வாலிபரின் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வாரமாக அமர்க்களம்தான். அம்மா முறுக்கு சுடுகிறாள். தங்கை துணி அடுக்குகிறாள். மாமா பெட்டியை நிறுத்துப் பார்த்து, "இரண்டு கிலோ அதிகம்" என்கிறார். ஊறுகாய் ஜாடி வெளியே வருகிறது; மறுபடியும் உள்ளே போகிறது.

பாங்கிப் புத்தகத்தை மட்டும் யாரும் நினைப்பதில்லை. பின்னால் தொல்லை தருவது அதுதான்.

181-ம் 182-ம்

இந்தியாவில் வருமான வரிக் கணக்கு ஏப்ரல் 1-ந் தேதி தொடங்கி மார்ச் 31-ந் தேதி முடிகிறது. அந்த ஆண்டில் ஒருவர் எத்தனை நாள் இந்த மண்ணில் இருந்தார் என்று சர்க்கார் எண்ணுகிறது. வெளிநாட்டு வேலைக்குப் புறப்படும் இந்தியருக்கு எல்லை 182 நாள். அவ்வளவு நாள் இருந்துவிட்டால், அந்த ஆண்டு அவர் உள்நாட்டுவாசி. அங்கே வாங்கிய சம்பளத்தையும் இங்கே காட்ட வேண்டும். குறைந்தால், அவர் வெளிநாடு வாழ் இந்தியர். அங்கே உழைத்து அங்கேயே வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது.

விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 28 வரை 181 நாள். 29-ந் தேதி புறப்பட்டால் 182! துபாயில் சம்பளத்துக்கு வரி இல்லை. ஆனால் ஒரே ஒரு நாள் பிந்தியதால், மார்ச் வரை வாங்கிய துபாய்ச் சம்பளத்துக்கு இந்தியாவில் வரி விழலாம். ராகுகாலம் பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாமே! அதே ஆண்டில் பொங்கலுக்கு ஊர் வந்தால், அந்த நாட்களும் சேரும்.

இரண்டு கணக்கு

போகிறவர் தமது சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. பாங்கியில் சொல்லி "என்.ஆர்.ஓ." கணக்காக மாற்ற வேண்டும். வீட்டு வாடகை, நிலத்துக் குத்தகை போன்ற உள்ளூர்ப் பணம் அதில் சேரும். அதன் வட்டியில் 100-க்கு 30 ரூபாய்க்கு மேல் வரி பிடிப்பார்கள். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு "என்.ஆர்.இ." என்று வேறு கணக்கு உண்டு. அதன் வட்டிக்கு வரி இல்லை.

குடும்பச் செலவுக்குக் கணவர் அனுப்பும் பணத்துக்கு மனைவி வரி கட்ட வேண்டியதில்லை. இதைச் சொன்னால் பல வீடுகளில் பெருமூச்சு விடுவார்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், குடித்தனக்காரர் வரியைப் பிடித்துக் கட்டிவிட்டு மீதியைத்தான் கொடுக்க வேண்டும். பிடித்தது அதிகமானால், கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

இன்னொன்று. இந்தக் காலத்தில் வரி நோட்டீசைத் தபால்காரர் மட்டும் கொண்டுவருவதில்லை. செல்போனிலும் மின்னஞ்சலிலும் வருகிறது. பாங்கியின் ரகசிய எண்ணும் செல்போனுக்குத்தான் வரும். ஊர் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், பணம் இருந்தும் கை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

திரும்பும்போது

சிங்கப்பூரில் வேறொரு வழக்கம். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டால், முதலாளி ஒரு மாதம் முன்னதாகவே வரி இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். கொடுக்க வேண்டிய பணம் முழுவதையும் நிறுத்தி வைக்க வேண்டும். இலாகா சரி என்று சொல்லும் வரை, அல்லது படிவம் போய்ச் சேர்ந்து 30 நாள் ஆகும் வரை, பணம் கைக்கு வராது. குறைந்த சம்பளக்காரர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள், கடைசிச் சம்பளத்தை நம்பித் தங்கைக்குக் கலியாணத் தேதி வைத்தால், அந்த ஒரு மாதத்தையும் தள்ளி வைக்க வேண்டும்.