ஓடை நீரை அளக்க ஆகும் செலவும், அளவாமையால் நேரும் நஷ்டமும்

சேர்வராயன் மலையில் உற்பத்தியாகும் ஓடைகள் மலைவாசிகளுக்கு மாத்திரம் உரியவையல்ல. திருமணிமுத்தாறும் சரபங்கா நதியும் இம்மலையில் தோன்றி, சமவெளியைக் கடந்து காவேரியை அடைகின்றன. வாணியாறு தர்மபுரி ஜில்லாவில் இறங்கிப் பாசனத்திற்கு உதவி, தென்பெண்ணையுடன் கூடுகின்றது. ஆகையால் ஏற்காட்டில் ஓடை ஜலம் குறையுமானால், அதன் குறை அடிவாரத்திலும் தோன்றும்.

காப்பிச் செடி பூக்கும் மாசி, பங்குனி மாதங்களில் மழை பொய்த்தால் தோட்டக்காரர்கள் ஓடை நீரையே நாடுகின்றனர். ஓடை மிகவும் மெலிந்திருக்கும் காலமும் அதுவே. எவ்வளவு ஜலத்தை எடுக்கலாம், மீனும் பிற ஜீவன்களும் பிழைக்கவும் கீழ்ப்புறத்தார் பயன்பெறவும் எவ்வளவை ஓடவிட வேண்டும் என்பதை அளந்தறியாவிடில், விவகாரங்களுக்கு முடிவு ஏற்படாது.

கணக்கு முறையும் அதன் குறையும்

மிகவும் மலிவானது, அலுவலகத்திலிருந்தே கணக்கிடும் முறை. டென்னன்ட் என்ற அமெரிக்கர் 1976-ஆம் வருஷத்தில் வெளியிட்ட முறைப்படி, வருஷச் சராசரி ஓட்டத்தில் நூற்றுக்கு 10 பங்கு ஜீவன்கள் உயிர்தரிப்பதற்கும், 30 பங்கு அவை நன்கு வாழ்வதற்கும் போதுமானதாகக் கொள்ளப்படும். ஆனால் மழைக்காலத்தில் பெருகிக் கோடையில் வற்றும் மலை ஓடைகளுக்கு இது அப்படியே பொருந்தாது. பங்குனியில் இயற்கையாக ஓடும் ஜலமே அப்பத்துப் பங்கிற்குக் குறைவாயிருக்கக்கூடும். அப்போது ஒரு குடம் எடுப்பதும் குற்றமாகிவிடும். ஐப்பசியிலோ தேவைக்கு மீறி எடுக்க இடமுண்டாகும். 2018-ஆம் வருஷம் மேல் கங்கைக்கு மத்திய அரசு விதித்த அளவு, இக்காரணம் பற்றியே, பருவத்திற்கேற்ப 20, 25, 30 பங்குகளாக வகுக்கப்பட்டது.

கள ஆராய்ச்சியின் செலவு

ஓடைக்கே சென்று ஆராயும் முறையில், பல இடங்களில் குறுக்களவு எடுத்து, ஆழம், வேகம், அடிக்கற்களின் தன்மை ஆகியவற்றைக் குறித்து, எந்த ஓட்டத்தில் எந்த ஜீவன் வாழ்கின்றது என்று நிபுணர்கள் ஆராய்வார்கள். கருவியின் விலையைவிட ஆட்களின் கூலியும் பிரயாணமும் காலமுமே இதில் பெருஞ்செலவாகும். கோடை, மழை, பனி ஆகிய எல்லாப் பருவங்களிலும் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். ஒரு வருஷத்து மழையை நம்பி முடிவு கட்டுவதும் தகாது. காட்டுப் பாதை வழியே நடந்து சென்றபின் வெள்ளம் வடிந்துவிட்டால், அப்பிரயாணம் முழுவதும் வீண்.

செலவைக் குறைக்கும் வழி

தினசரி அளவை ஊராரே எடுத்துக்கொண்டு, நிபுணர்களைப் பருவத்திற்கு ஒரு முறை அழைத்தால் செலவு பெரிதும் குறையும். அளக்கும் முறைகள் எளியவையே.

1. மிதவை முறை: நேராக ஓடும் இடத்தில் பத்து மீட்டர் தூரம் குறித்து, ஒரு மரத்துண்டை மிதக்கவிட்டு நேரத்தைக் கணிக்கவும். உதாரணமாக, அகலம் 1 மீட்டர், சராசரி ஆழம் 10 சென்டிமீட்டர், நேரம் 40 விநாடி எனில், மேல் வேகம் விநாடிக்கு 25 சென்டிமீட்டராகும். கல் நிறைந்த ஆழமற்ற ஓடையில் அடிநீர் மெதுவாக ஓடுவதால் இதை 0.7-ஆல் பெருக்க வேண்டும். ஓட்டம் விநாடிக்கு 17.5 லிட்டர் என்று கிடைக்கும். விநாடிக்கு 4 லிட்டர் இறைக்கும் பம்புகள் நான்கு ஒரே சமயத்தில் ஓடினால், மிஞ்சுவது ஒன்றரை லிட்டரே.

2. முக்கோணத் தடுப்பு: சிற்றோடையின் குறுக்கே, செங்கோணமாக வெட்டிய பலகையை நீர் கசியாதவாறு நிறுத்தவும். பலகைக்குச் சற்று மேற்புறத்தில், வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 10 சென்டிமீட்டர் நின்றால் ஓட்டம் சுமார் 4.4 லிட்டர். 20 சென்டிமீட்டர் நின்றால் சுமார் 25 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்கிற்கு மேல் பெருகுவதால், உயரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

3. அளவுகோல்: நிலையான பாறையில் அளவுகோலைப் பொருத்தி, வெவ்வேறு நீர்மட்டங்களில் ஓட்டத்தைப் பலமுறை அளந்து அட்டவணை செய்துகொண்டால், பின்பு மட்டத்தைப் பார்த்தே ஓட்டத்தை அறியலாம். வெள்ளம் கற்களைப் புரட்டினால் மறுபடி அளக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

2007-ஆம் வருஷத்துக் காவேரித் தீர்ப்பில், 740 டி.எம்.சி. ஜலத்தில் 10 டி.எம்.சி. சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கப்பட்டது. பெரிய நதிக்கே இத்தகைய ஒதுக்கீடு அவசியமாயிற்றெனில், அதற்கு நீரூட்டும் சிற்றோடைகளுக்கு அவசியமில்லை என்று கூற இயலாது.

ஓடைக்கரை நிலக்காரர்கள் ஒன்றுகூடி, தினம் ஒரு வேளை அளவைக் குறித்து வைப்பார்களாக. கிராம அதிகாரிகள் அக்குறிப்பையும், பம்புகள் ஓடிய நேரத்தையும் ஒரே புஸ்தகத்தில் பதிவு செய்விப்பது நலம். பிற்காலத்தில் அளவு விதிக்கப்படும்போது, குறிப்பு வைத்திருக்கும் ஊரே தன் நியாயத்தை எடுத்துரைக்க முடியும். குறிப்பில்லாத ஊரோ பிறர் கணக்கிற்குக் கட்டுப்பட நேரிடும்.