ஒரு 7, நூற்றேழு கோடி தடவை

சம்பளக் கணக்குக்காக நான் எழுதிய மென்பொருள் ஒருநாள் அசையாமல் நின்றுவிட்டது. கணக்காளர் ஒருவர் கொடுத்த சூத்திரத்தில், அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாகப் பதினான்கு அடுக்கு. சூத்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை என்னுடையது.

எழுதியதைப் படித்து அதன் அமைப்பைப் பிரித்தறியும் பகுதிக்குப் பார்சர் என்று பெயர். இலக்கண விதிகளைக் கொடுத்தால் பார்சரைத் தானே ஆக்கித்தரும் கருவிகள் உண்டு. டெரன்ஸ் பார் உருவாக்கிய ஆன்ட்லர் அவற்றுள் புகழ்பெற்றது. நான் எடுத்துக்கொண்ட கருவி விதிகளை வரிசையாக முயலும். ஒன்று பொருந்தாவிட்டால் தொடங்கிய இடத்துக்கே திரும்பி அடுத்ததைப் பார்க்கும். இந்தத் திரும்பலைத்தான் பேக்டிராக்கிங் என்கிறோம்.

கூட்டலுக்கு நான் எழுதிய விதி இது: ‘பெருக்கல், கூட்டல் குறி, மீதி, அல்லது வெறும் பெருக்கல்.’ வெறும் 7 வந்தால், அதைப் படித்து, கூட்டல் குறியைத் தேடி, காணாமல் திரும்பி, அதே 7ஐ மறுபடி படிக்கும். பெருக்கலுக்கும் இதே மாதிரி விதி. ஆக நான்கு தடவை. எண்ணிக்கை பார்க்க ஒரு எண்ணியைச் செருகினேன். (7) என்றால் 16, ((7)) என்றால் 64. ஒவ்வோர் அடைப்புக்கும் நான்கு மடங்கு! பதினான்கு அடைப்புக்குக் கணக்குப் போட்டால் 107,37,41,824.

படித்ததைக் குறித்துவைத்துக்கொள்வது ஒரு வழி. பிரையன் ஃபோர்டு 2002இல் எம்ஐடி ஆய்வேட்டில் விளக்கிய ‘பேக்ராட்’ முறை எல்லா முடிவுகளையும் சேமிக்கும்; நேரம் உரையின் நீளத்துக்கேற்பவே கூடும், ஆனால் நினைவகம் நிறையச் செலவாகும். 2020இல் வந்த பைத்தான் 3.9இன் பார்சர் தேர்ந்தெடுத்த விதிகளுக்கு மட்டுமே அப்படிச் சேமிக்கிறது. அதன் இலக்கணத்தில் ‘வெட்டு’ என்ற குறியும் உண்டு: ‘ஃபார்’ வாக்கியத்தில் ‘இன்’ வரை வந்துவிட்டால், வேறு விதியை முயலத் திரும்பக் கூடாது.

சேமிக்கும் வழியில் ஒரு வரி மாற்றினால் போதும். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே சொல்லை இரண்டு கிளைகளிலும் எழுதிய என் விதி அப்படியேதானே இருக்கும்? பள்ளி இயற்கணிதத்தில் பொதுக் காரணியை வெளியே எடுப்போமே, அதைச் செய்தேன்: ‘பெருக்கல், அதன்பின் கூட்டல் குறி இருந்தால் மீதி.’ பெருக்கல் விதியையும் அப்படியே திருத்தினேன்.

பதினான்கு அடைப்புக்குள் 7ஐ வைத்து ஓட்டினேன். எண்ணியில் 1.