உங்களுக்குத் தெரியுமா? இடைவெளியிலும் பல வகை உண்டு!

திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு எல்லா இடைவெளியும் ஒன்றல்ல. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் விழுவது 32 என்ற எண். டேப் 9, புதுவரி 10. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது சத்தமில்லாமல் கூடவே வந்து ஒட்டிக்கொள்வது 160, அதாவது அந்த இடத்தில் வரி உடையவிடாத இடைவெளி.

பைத்தான் நிரல்மொழியின் ‘ஸ்ட்ரிப்’ கட்டளை இந்த நான்கையும் சரத்தின், அதாவது எழுத்துத் தொடரின், இரு ஓரங்களிலிருந்தும் நீக்கிவிடும். நடுவில் இருப்பதைத் தொடாது. ஜாவாவின் பழைய ‘ட்ரிம்’ 32-க்கு மேல் பார்ப்பதேயில்லை. 2018-இல் ஜாவா 11 கொண்டுவந்த ‘ஸ்ட்ரிப்’ யூனிகோட் அறிந்ததுதான். ஆனாலும் 160-ஐ விட்டுவைக்கிறது! எக்செலின் ‘ட்ரிம்’மும் அப்படியே. பட்டியலில் ஒரே பெயர் இரண்டு ஆட்களாக நிற்பதற்குப் பல நேரம் இந்த 160தான் காரணம்.

புதிதாகக் கற்பவர்கள் சறுக்கும் இடம் வேறு. பைத்தானில் சரம் மாற்ற முடியாதது. ‘ஸ்ட்ரிப்’ புதுச் சரம் ஒன்றைத் தருமே தவிர, பழையதைத் திருத்தாது. கிடைப்பதை ஒரு மாறியில் வாங்கி வைக்க வேண்டும்.

8203 என்று ஒன்று உண்டு: அகலமே இல்லாத இடைவெளி. அது பைத்தானிடமும் சிக்காது, ஏனென்றால் யூனிகோட் அதை இடைவெளிக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ‘ரீப்ளேஸ்’ போட்டுத் தனியாகத்தான் நீக்க வேண்டும்.